பெரியப்பாவுக்கு இரண்டு கோல்

கடித உறையைக் கையால் கிழிக்கக் கூடாது. கத்தியால் கீறித்தான் பிரிக்க வேண்டும். கிழித்தால் உள்ளே இருக்கும் தாளும் சேர்ந்து கிழியும். இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் பிரிக்கிறேன். செயலாளர் ஐயா, இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என்னை ஆத்திரக்காரன், பொறாமைக்காரன் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நான் செய்தது எதையும் ஆத்திரத்தில் செய்யவில்லை. நிதானமாக, தேதி போட்டு, எண் போட்டுச் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பிடித்த வேலை.

உங்கள் கால்பந்து கிளப்பின் முன்கள ஆட்டக்காரன் என் மனைவியின் தம்பி. சின்ன வயதிலிருந்தே அவனைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு ஒல்லி. இரண்டு தடியன்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பான். என் மனைவியின் கையெழுத்தை அவனால் படிக்க முடியாது. அது கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும், எனக்கே மூன்று வருஷம் பிடித்தது.

உங்கள் ஆட்கள் வந்து அவனைத் தேர்ந்தெடுத்தபோது, கூட ஓர் உறவினர் வரலாம் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த உறவினன் நான் ஒருவன்தான். சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன், ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். தெருவே கூடி வழியனுப்பியது. கிளம்பும்போது என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று.

"மாப்பிள்ளை, அவன் கால் வலின்னு சொல்ல மாட்டான். நீங்கதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு நாளும் தவறவில்லை.

நீங்கள் கொடுத்த வீடு சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் சோப்பு மணத்தோடு நீராவி வரும். சமையலறை மேஜைக்கு ஒரு கால் கட்டை. பழைய செய்தித்தாளை மடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். அந்த மேஜையில்தான் எல்லாம் நடந்தது.

முதல் ஒன்பது ஆட்டங்களில் அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத கல்யாண வீட்டுக்குப் போனவன் போல மைதானத்தில் நின்றான். பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதற்குள் உங்கள் பாஷையை ஒரு புத்தகம் வைத்து ஓரளவு கற்றிருந்தேன்.

"உங்க ஆளு ஓடுறான், குதிக்கிறான், எல்லாருக்கும் வழி விடுறான். பந்தை மட்டும் உள்ள தள்ள மாட்டேங்கிறான். இன்னும் நாலு ஆட்டம் பார்ப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் மூட்டை கட்டிக்கலாம்" என்றார்.

நான்கு ஆட்டம். அவனுக்கு அந்த நாட்டில் இருந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான்.

பத்தாவது ஆட்டத்தன்று காலையில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. மாமியார் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுவாள். நான் அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அவன் சொல்வதைப் பதிலாக எழுதுவேன். அன்றைய கடிதத்தில் அவன் பெரியப்பா இறந்துபோன செய்தி இருந்தது. இது உண்மைச் செய்தி. தயவுசெய்து இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு மொதல் பந்து அவருதான் அத்தான் வாங்கிக் குடுத்தாரு" என்றான். முகத்தைக் கழுவிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று இரண்டு கோல். இரண்டாவது, நான்கு பேரைத் தாண்டிப் போட்டது. போட்டுவிட்டு ஒரே ஒரு விரலை வானத்தை நோக்கித் தூக்கினான். ஐயா, எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அதுவரை நான் குதித்ததே இல்லை. அன்று குதித்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரைக் கட்டிப் பிடித்ததில் அவர் தொப்பி இரண்டு வரிசை கீழே போய் விழுந்தது. அவரும் என்னைக் கட்டிக்கொண்டு ஆடினார். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் யாரோ சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரக் கடிதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. கோலும் இல்லை. அதற்கடுத்த கடிதத்தில் வீட்டு நாய் செத்துப் போயிருந்தது. ஒரு கோல். அதற்கும் அடுத்ததில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

நான் ஒழுங்கானவன். நோட்டில் கோடு போட்டேன். கடித எண், செய்தி, எதிரணி, கோல். பெரியப்பாவுக்கு இரண்டு, நாய்க்கு ஒன்று, கால் முறிவுக்குக் கம்பம். யார் பார்த்தாலும் புரியும் கணக்கு அது. நான் கண்டுபிடித்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன்; கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் கெடுவை நீட்டியிருந்தார், ஆனால் முதலிடத்தில் இருந்த அணியோடு ஆட வேண்டியிருந்தது. அந்த வாரக் கடிதத்தில் மழை, ஓட்டை ஓடு, தண்ணீர்க் குழாயடியில் சின்ன அத்தை போட்ட சண்டை. சண்டை இரண்டு பக்கம். சனிக்கிழமை காலை அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன எழுதியிருக்கா அக்கா?" என்றான்.

நான் சின்ன அத்தை தூக்கத்தில் இறந்துவிட்டதாக வாசித்தேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். ஊரில் அந்நேரம் சின்ன அத்தை குழாயடியில் இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அவளுக்கு இரண்டு கோல். நகரமே மூக்கில் விரல் வைத்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சில முறைகள் ஏற்பட்டன. சோப்ளாங்கி அணிகளுக்கு யாரையும் செலவழிப்பதில்லை. ஈயை அடிக்க உலக்கை எதற்கு. நடுத்தர அணிக்கு ஒன்றுவிட்ட உறவு. பெரிய அணிக்கு அவனைத் தூக்கி வளர்த்தவர்கள். இரண்டு சாவுக்கு நடுவில் குறைந்தது மூன்று வாரம். என் மனைவியை மட்டும் தொட முடியவில்லை. கடிதம் எழுதுகிறவள் அவள். முக்கியமான விஷயம், நான் யாரையும் கஷ்டப்படுத்திக் கொன்றதில்லை. எல்லாரும் தூக்கத்திலேயே போனார்கள். அவனோடு பள்ளியில் படித்த சிநேகிதன் ஒருவனை மட்டும் லாரியில் அடிபட வைக்க வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வயசுப் பையன் தூக்கத்தில் செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் வலி தெரியாமல், சட்டென்று.

அவன் அழுதுகொண்டே பதில் சொல்வான். "அத்தை புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்னு எழுதுங்க அத்தான்." நான் எழுதுவது வேறு. அவன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், தன் சாவுக்கு வந்த இரங்கலைச் சின்ன அத்தை தானே வாசிக்கக் கேட்டிருப்பாள். ஊருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். பயணத்தாள்கள் என் பொறுப்பில் இருந்தன. "இப்பப் போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க தம்பி" என்பேன். நம்பினான். என்னை நம்பாமல் அவன் வேறு யாரை நம்புவான்?

மறுபக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அவன் விரலைத் தூக்கினால் முப்பதாயிரம் விரல் கேலரியில் எழும். இடுப்பில் தூக்கிவைத்த குழந்தையிலிருந்து பல் விழுந்த கிழவர் வரை. சனிக்கிழமை வந்தாலே நகரத்துக்குப் பித்துப் பிடிக்கும். சலவைக் கடைக்காரர் எங்கள் துணிக்குக் கூலி வாங்க மறுத்தார். பேருந்து ஓட்டுநர் நடுரோட்டில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டு, "அத்தான் வந்தாச்சு!" என்று உங்கள் பாஷையில் கத்துவார், அத்தான் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எங்கள் பாஷையில் எல்லாரும் கற்றிருந்தார்கள். நான் தெருவில் நடந்தால் தரையில் கால் பாவாது.

உடை அறையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் ஆள் ஒருவர் இருக்கிறாரே, நல்ல மனிதர், அவர் துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டைகளை ஒரு பெட்டி நிறையவே தைத்து வைத்துவிட்டார்.

"இந்த வாரம் யாருங்க?" என்பார்.

"ஒண்ணுவிட்ட அண்ணன்."

"அடப் பாவமே. இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"பெரிய குடும்பம்."

"அதான் இப்படி ஆடுறான். எங்க வீட்டுல மொத்தமே நாலு பேரு. நானெல்லாம் பந்து பொறுக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டு, சிரித்தது தப்பென்று பட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இரண்டாவது வருஷக் கடைசியில் கோப்பைக்கான இறுதி ஆட்டம் வந்தது. அறுபது வருஷமாக நீங்கள் தொட்டுப் பார்க்காத கோப்பை. எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் சுவர் வைத்த மாதிரி இருந்தார்கள். நோட்டைப் புரட்டினேன். தாய்மாமன் ஒருவர் மிச்சம் இருந்தார். கணக்குப்படி ஒன்றரைக் கோல்தான் தேறும். போதாது.

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை வாசித்தேன். அவன் அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கேட்டாங்களா அத்தான்?" என்றான்.

"கேட்டாங்க தம்பி. அவன் கால் வலிக்குதான்னு கேட்டாங்களாம்."

இது பொய்யில்லை. அந்தக் கடிதத்தில் அவள் அதைத்தான் கேட்டிருந்தாள். எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் கேட்பாள்.

"இல்லைன்னு எழுதுங்க" என்றான். பிறகு, "யாருக்கு எழுதுவீங்க" என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனான். உடனே கிளம்ப வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள், எல்லாம் முடிந்திருக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

மூன்று கோல், ஐயா. மூன்று. முதலாவது எட்டாவது நிமிஷத்தில். மூன்றாவதை எதிரணியின் கோல் காப்பாளரே எழுந்து நின்று கைதட்டினார். அன்று மாலை கூரையில்லாத பேருந்தில் நகரம் முழுக்கச் சுற்றினோமே, நினைவிருக்கிறதா? மாடிகளிலிருந்து காகிதத் துண்டு மழையாகக் கொட்டியது. நீங்கள் என் தோளில் கைபோட்டுப் பாடினீர்கள். உங்களுக்குப் பாட வராது. பயிற்சியாளர் என் நெற்றியில் முத்தமிட்டார். கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. குண்டூசி அதன் மூடியைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு ஒரு விரலைத் தூக்கி நின்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிரித்தான் என்றுதான் நான் நோட்டில் எழுதினேன்.

அதில் ஒரு சங்கடம் பின்னால் தெரிந்தது. தாய் போன பிறகு மற்றவர்கள் எடுபடவில்லை. தாய்மாமனை அனுப்பினேன், "சரி அத்தான்" என்று சாப்பிட்டு முடித்தான். கோல் இல்லை. பெரிய அண்டாவை முதலில் கவிழ்த்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

வழி கடிதத்திலேயே இருந்தது. மாமியார் உயிரோடு நன்றாக இருந்தாள், வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், என் மனைவி எழுதிக்கொண்டிருந்தாள். அதையெல்லாம், அம்மா சாவதற்கு முன்னால் சொன்னவை என்றும், அக்காவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவதாகவும் அவனுக்கு வாசித்தேன். "அவன் சட்டையை மடிச்சுத் தலைமாட்டுல வச்சிருக்கேன்" என்று வந்தது. இரண்டு கோல். "குளிருல காதை மூடிக்கச் சொல்லு" என்று வந்தது. ஒரு கோல். "ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகச் சொல்லு, போதும்" என்று வந்தது. பாதி மைதானத்திலிருந்து அடித்தான். உங்கள் வரவேற்பறையில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

தாயின் சொல்லை நான் மறைத்தேன் என்று என் மனைவி சொல்கிறாள். தவறு. ஒரு எழுத்துக்கூட மறைக்கவில்லை. அவ்வளவும் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் சொல்லப்போனால், உயிரோடு இருக்கும் தாயின் பேச்சை எந்தப் பிள்ளை இவ்வளவு கவனமாகக் கேட்கிறான்? அவளுக்கும் நான் தவறாமல் பதில் எழுதினேன். கால் நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷம் வருவான். இரண்டு முறை அப்படி எழுதினேன்.

நான்காம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, இருநூற்று நான்காம் எண் கடிதம் வந்தது. மாமியார் இறந்துவிட்டாள். பதினோரு நாள் படுக்கையில் இருந்திருக்கிறாள். வாசல் பக்கமாகவே தலையைத் திருப்பிக்கொண்டு, யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை கடுமையான ஆட்டம். கையில் இருப்பதோ நிஜமான செய்தி. பயன்படுத்த வழியில்லை. அதை நான் இரண்டு வருஷத்துக்கு முன்பே செலவழித்திருந்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தாளை மடித்து, எண் போட்டு, வைத்தேன். செய்தி கிடைத்தது, தம்பி உடைந்துபோனான், ஆட்டம் இருப்பதால் வர இயலவில்லை என்று பதில் எழுதினேன். சனிக்கிழமை என் சொந்தச் சரக்கில் ஏதோ வாசித்தேன். பந்து கம்பத்தில் பட்டது. எனக்கு அவளைப் போலப் பேச வராது.

மூன்று மாதம் கழித்து அவனுடைய நூறாவது கோல் தட்டுத்தடுமாறி வந்தது. அதைக் கொண்டாட நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். இதில் எனக்கு வருத்தமில்லை; நல்ல எண்ணத்தில் செய்ததுதான். உடை அறைக்காரர், "அந்தக் குடும்பத்துல மிச்சம் மீதி இருக்கிறவங்களையாவது கூட்டிட்டு வந்து காட்டுவோம்" என்றாராம். பழைய ஒப்பந்தத்தாளிலிருந்து முகவரி எடுத்து, எனக்கும் சொல்லாமல், விமானத்தில் வரவழைத்துவிட்டீர்கள். எனக்கும் அது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

கேலரி நிரம்பி வழிந்தது. இரண்டு அணியும் மைதானத்தில் நின்றன. பாண்டு வாத்தியம். ஒலிபெருக்கியில், "நம்ம பையனோட குடும்பம்!" என்றார்கள். வாயில் வழியாக முதலில் என் மனைவி வந்தாள். அவளுக்குப் பின்னால், தூக்கத்தில் இறந்த சின்ன அத்தை, இரவல் கோட்டு தரையில் இழுபட, "என்னடா இது குளிரு, மனுஷன் இருப்பானா இங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் தூக்கத்தில் இறந்த ஒன்றுவிட்ட அண்ணன். லாரியில் அடிபட்ட சிநேகிதன், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. தாய்மாமன். முதல் வருஷம் கால் முறிந்து மூன்றாம் வருஷம் நான் முடித்துவைத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, தடி ஊன்றி. பெரியப்பா மட்டும் இல்லை. அவர் நிஜமாகவே இறந்தவர்.

முப்பதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். வேறு என்ன செய்வது என்று தோன்றவில்லை.

குண்டூசி அசையாமல் நின்றான். பிறகு ஓடினான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அத்தையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான். "ஐயோ, ஏன்டா கிள்ளுற?" என்றாள். சிநேகிதனின் சட்டையைத் தூக்கி விலாவைத் தடவினான். "என்னடா தேடுற, சோறு தின்னேனான்னு பாக்குறியா?" என்றான் அவன். தாய்மாமனைத் தூக்கிச் சுற்றினான். சிரித்தான் ஐயா, வயிறு பிடிக்க, மூச்சு வாங்க, முழங்காலில் உட்கார்ந்து சிரித்தான். ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு எண்ணினான். பிறகு எழுந்து வாயிலைப் பார்த்தான்.

நடுவர் கடிகாரத்தைக் காட்டி ஊதலை வாயில் வைத்தார். இவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் முதல் வரிசையில் இருந்ததால் காதில் விழுந்தது.

"கொஞ்சம் இருங்க சார். எங்கம்மா மெதுவாத்தான் நடப்பாங்க. வரட்டும்."

பாண்டுக்காரர்கள் இன்னொரு பாட்டை ஆரம்பித்தார்கள். அவன் வாயிலையே பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றான். என் மனைவிதான் பக்கத்தில் போனாள்.

"என்னடா பேசுற? அம்மா போயி மூணு மாசம் ஆச்சு. எழுதினேனே. பதினோரு நாள் உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வரலையேன்னு உன் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கேலரியில் என்னைத் தேடினான். நான் கையை அசைத்தேன்.

ஆட்டம் நடந்தது. அவனை எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்கலாம் என்று பயிற்சியாளர் சொன்னதை நான் கேட்டேன். அவன் வெளியே வர மறுத்துவிட்டான். தொண்ணூறு நிமிஷமும் வாயிலுக்கு எதிரே நின்றான். பந்து நான்கு முறை அவன் காலடிக்கே வந்து, அவனைக் கடந்து போனது.

இதற்குமேல் நான் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்து பேரைக் கொன்றேன், ஐந்து பேரும் நலம். ஒருத்தியை இரண்டு வருஷம் முன்னதாகக் கொன்றேன், அவள் தன் பிள்ளையைப் பார்க்காமல் போனாள், அவனும் பார்க்கவில்லை. அது நான் செய்தது. ஆனால் என் நோட்டும் உங்கள் அலமாரியில் இருக்கும் கோப்பையும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைய தோல்விக்கும் என்னைக் காரணம் சொல்கிறீர்கள், அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தாயின் சாவுச் செய்தி, அதுவும் நிஜமான செய்தி. அதைப் போய் மைதானத்தின் நடுவில், தயாரிப்பே இல்லாமல், வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டாள் என் மனைவி. என்னிடம் கொடுத்திருந்தால் சனிக்கிழமை காலையில் மேஜையில் உட்காரவைத்து முறையாக வாசித்திருப்பேன், நான்கு கோலாவது போட்டிருப்பான்.